ஆளை அரிப்பவை அன்றாடத் தொல்லைகளே!

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையில் கூடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

மனிதரின் மனநலத்தை அதிகம் கெடுப்பவை வாழ்க்கையில் விழும் பேரிடிகளா, அன்றாடச் சில்லறைத் தொல்லைகளா என்பது இன்றைய தலைப்பு. அன்றாடத் தொல்லைகளே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு பட்டியலை வாசித்தார். 1967-இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரு மனநல மருத்துவர்கள் வெளியிட்டது அது. மொத்தம் 43 வாழ்க்கை நிகழ்வுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். கணவனோ மனைவியோ இறந்தால் 100. விவாகரத்துக்கு 73. கல்யாணத்துக்கு 50. “நூறு எங்கே, உங்கள் சில்லறைத் தொல்லை எங்கே?” என்று கேட்டார். அவையும் கைதட்டியது.

சரி, அந்த நூறு எங்கிருந்து வந்தது? நானூறு பேருக்குச் சற்றுக் குறைவானவர்களிடம், “கல்யாணத்துக்கு இவ்வளவு என்று வைத்துக்கொண்டால், மற்ற நிகழ்வுகளுக்கு வாழ்க்கையை எவ்வளவு மாற்றியமைக்க வேண்டியிருக்கும்?” என்று கேட்டார்கள். அவர்கள் சொன்ன பதில்களிலிருந்து எடுத்த சராசரிதான் அந்த மதிப்பெண். மக்கள் எதைப் பெரிதாக நினைக்கிறார்கள் என்பதை அது சொல்கிறது. எது ஆளை நோயில் தள்ளுகிறது என்பதை அது அளக்கவில்லை. பிறகு ராஹேயும் அவர் குழுவும் சுமார் 2,500 கப்பற்படையினரிடம் அதைச் சோதித்து 1970-இல் வெளியிட்டார்கள். மதிப்பெண் கூடக் கூட நோயும் கூடத்தான் செய்தது, ஆனால் அந்தத் தொடர்பு மிக மெலிதானது. பட்டியலை வாசித்தவர் இதையும் வாசித்திருக்கலாம்.

1981-இல் ரிச்சர்ட் லாசரஸ் என்ற உளவியலாளரின் குழு வேறொரு பட்டியல் போட்டது. அதில் சாவும் விவாகரத்தும் இல்லை. பொருளை வைத்த இடம் மறந்துபோவது, விலைவாசி, உடல் எடை பற்றிய கவலை, வீட்டில் செய்து முடியாத வேலை, ஒரே நேரத்தில் தலைமேல் விழும் பத்துக் காரியங்கள் என்று 117 சில்லறை விஷயங்கள். நடுவயதுக்காரர்கள் நூறு பேரை ஒன்பது மாதம், மாதாமாதம் கேட்டார்கள். மனச்சோர்வும் பதற்றமும் யாருக்கு வரும் என்பதை இந்தச் சில்லறைப் பட்டியல், பெரிய நிகழ்வுகளின் பட்டியலைவிட நன்றாகக் காட்டிக்கொடுத்தது.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் இங்கே மடக்கினார். “ஏற்கெனவே மனம் சோர்ந்தவருக்குத் துரும்பும் தொல்லையாகத்தான் தெரியும். காரணத்தையும் விளைவையும் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள்” என்றார். நல்ல கேள்வி. ஆய்வாளர்களும் அன்றைக்கே இதைக் கேட்டு லாசரஸோடு மோதினார்கள். அதன் பிறகு ஆராய்ச்சி முறையே மாறியது.

எப்படி மாறியது? டேவிட் அல்மெய்டா என்ற ஆய்வாளரின் குழு அமெரிக்காவில் பலரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரையும் தொடர்ந்து எட்டு நாள் மாலையில் தொலைபேசியில் அழைத்தது. அவர்கள் கேட்ட கேள்விகள் இவை. இன்று யாரோடாவது வாக்குவாதம் வந்ததா? வேலையிடத்தில், வீட்டில் ஏதாவது சிக்கலா? நெருங்கியவர் யாருக்காவது ஏதாவது நேர்ந்து, அது உங்களையும் வாட்டியதா? இவற்றுக்கு நடுவே இன்னொரு கேள்வி: வாக்குவாதம் வந்திருக்க வேண்டிய இடத்தில், வேண்டாம் என்று விட்டுவிட்டீர்களா?

நடுவர் அவர்களே, அந்தக் கேள்வியில் நான் அப்படியே நின்றுவிட்டேன். போட்ட சண்டையை எல்லோரும் கணக்கில் எடுப்பார்கள். தொண்டை வரை வந்து விழுங்கிய சண்டையை யார் கணக்கில் எடுத்தார்கள்? மேலதிகாரி எல்லோர் முன்னாலும் ஒரு வார்த்தை சொல்கிறார். பதில் நாக்கு நுனியில் நிற்கிறது. வாயை மூடிக்கொண்டு திரும்பி வருகிறோம். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, சொல்லாத அந்தப் பதிலை மனம் விதவிதமாகச் சொல்லிப் பார்க்கிறது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூட அது தெரியாது. அதையும் தொல்லை என்று எழுதிக்கொண்ட ஆய்வு இது.

இந்த முறையில் ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடுவதில்லை. அவருடைய தொல்லை வந்த நாளை, அவருடைய தொல்லை இல்லாத நாளோடு ஒப்பிடுகிறார்கள். சுபாவமே சோர்வானவர் என்ற வாதம் இங்கே செல்லாது. தொல்லை வந்த நாளில் அதே மனிதரின் மனநிலை இறங்குகிறது. அப்படிப்பட்ட நாட்கள் எத்தனை? மொத்த நாட்களில் ஏறத்தாழ 40 விழுக்காடு. ஒருவர் வாழ்நாளில் எத்தனை பேரிடி விழும்? இது ஐந்து நாளுக்கு இரண்டு நாள்!

அப்புறம் சூசன் சார்ல்ஸ், அல்மெய்டா ஆகியோரின் குழு அதே ஆட்களைப் பத்து ஆண்டு கழித்துப் பார்த்து, 2013-இல் எழுதியது. அன்றாடத் தொல்லைகளுக்கு அதிகம் கலங்கியவர்களுக்குப் பத்தாண்டுக்குப் பின் மனநலக் குறைவு வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. முன்பே இருந்த மனநலச் சிக்கலைக் கணக்கில் கழித்த பிறகும்தான். இரண்டாவது பேச்சாளரின் கேள்விக்கு இதுவே பதில். 2018-இல் வந்த மற்றொரு ஆய்வு, இன்றைய எரிச்சலை நாளைக்கும் சுமந்து போனவர்களுக்குப் பல ஆண்டு கழித்து நாள்பட்ட நோய்கள் அதிகம் இருந்ததைக் காட்டியது.

மனம் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். ஷெல்டன் கோஹன் என்ற உளவியலாளர், நலமாக இருந்த 276 பேரின் மூக்கில் அவர்கள் சம்மதத்தோடு சளிக் கிருமியை விட்டு, தனியே தங்கவைத்துக் கவனித்தார். 1998-இல் வந்த முடிவு இது. ஒரு மாதத்துக்குள் முடிந்துபோன கடுமையான நிகழ்வுகள் சளி பிடிக்கும் வாய்ப்பைக் கூட்டவில்லை. ஒரு மாதமோ அதற்கு மேலோ நீடித்த தொல்லைகள் கூட்டின. குறிப்பாக இரண்டு: வேலை இல்லாமையும், மனிதர்களோடு தீராமல் இழுபடும் பிணக்கும். அதாவது, நாள்தோறும் எழுந்தவுடன் எதிரில் நிற்பவை.

பிணக்கு என்றதும் இன்னொன்று. 1989-இல் நியால் போல்ஜர் என்ற உளவியலாளரின் குழு 166 தம்பதிகளை ஆறு வாரம் தினமும் குறிப்பெழுதச் சொன்னது. வேலைப்பளு, பயணம், பணம் எல்லாம் அதில் உண்டு. மனதை மிக மோசமாகக் கெடுத்தவை சக மனிதரோடு வந்த உரசல்களே. மற்றவை பக்கத்தில் வரவில்லை.

இப்போது எதிரணியின் பலமான வாதத்துக்கு வருகிறேன். “துணையை இழந்தவரிடம் போய், உன் துயரம் சிறிது என்று சொல்வீர்களா?” என்று கேட்டார்கள். சொல்லமாட்டேன். எந்தக் காலத்திலும் சொல்லமாட்டேன். இழப்பிலிருந்து மீளாதவர்கள் உண்டு; ஜார்ஜ் பொனானோ என்ற உளவியலாளர் 2002-இல் வெளியிட்ட ஆய்விலும் இருக்கிறார்கள். ஆனால் துணையை இழந்த 205 பேரைக் கொண்ட அந்த ஆய்வில், எல்லாவற்றையும்விட அதிகம் தென்பட்டது தாக்குப்பிடிக்கும் போக்குதான். பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் அப்படி நின்றார்கள்.

நிற்க முடியாதவர்களை எது சாய்க்கிறது? அந்த வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். கணக்கு வழக்கு எல்லாம் இறந்துபோனவர்தான் பார்த்தார். இப்போது எந்தக் காகிதம் எங்கே என்று தெரியாது. ஒவ்வொரு படிவத்திலும் இறந்தவர் பெயரை மறுபடி எழுத வேண்டும். வருமானம் பாதியாகிவிட்டது. கதவைத் திறந்து உள்ளே வந்தால் “வந்துட்டியா” என்று கேட்க ஆள் இல்லை. அதுவும் ஒருநாள் இல்லை, தினமும். லியோனர்ட் பியர்லின் என்ற சமூகவியலாளர் 1981-இல் வேலை இழந்தவர்களை வைத்து இதைத்தான் காட்டினார். இழப்பு, பணமுடையாகவும் தன்மேல் நம்பிக்கை தேய்வதாகவும் அன்றாடத்துக்குள் புகுந்து, அந்த வழியாகத்தான் மனச்சோர்வைக் கொண்டுவருகிறது. உங்கள் பேரிடிகூட எங்கள் வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது, எதிரணி நண்பர்களே!

கடைசியாக ஒன்று. “மனதைத் திடமாக வைத்துக்கொண்டால் போயிற்று” என்றார் மூன்றாவது பேச்சாளர். இந்த வாக்கியம் எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. லண்டனில் 1985-இல் தொடங்கி பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வைப் பாருங்கள். தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறைந்தவர்களுக்கு இதய நோய் அதிகம் வந்தது. அவர்கள் எல்லோரும் மனத்திடம் இல்லாதவர்களா? சாவு வீட்டுக்கு விடுமுறை உண்டு, தேற்ற ஆள் வரும். தினமும் அவமானப்பட்டுத் திரும்புகிறவருக்கு விடுமுறையும் இல்லை, ஆறுதலும் இல்லை, “இதுக்கெல்லாமா?” என்ற கேள்விதான் உண்டு. அதற்குப் பயந்தே அவர் யாரிடமும் சொல்வதில்லை, மருத்துவரிடமும் போவதில்லை. அவருக்காகவும் சேர்த்துத்தான் தீர்ப்பு கேட்கிறேன், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.