கூட்டாளியை வீட்டுக்கு அழைத்துப் போகும் காட்சி

நேயர்களுக்கு வணக்கம். சினிமாவைப் பற்றி வானொலியில் பேசுவது, பந்தியில் உட்காராதவருக்கு விருந்தைப் பற்றிச் சொல்வது மாதிரி. ஆனாலும் நான் பேசப்போகும் வகைப் படத்தை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். ஒத்தே போகாத இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவர் குடும்பம், ஓய்வூதியம், விதிமுறை என்று நிதானமாகப் போகிறவர். மற்றவன் கதவைத் தட்டும் பழக்கமே இல்லாதவன், உதைத்துத்தான் திறப்பான். மேலதிகாரி இருவரையும் ஒரே காரில் ஏற்றி அனுப்பிவிடுகிறார். அப்புறம் இரண்டு மணி நேரம் சண்டை. பாதி வில்லனோடு, மீதி தங்களுக்குள்.

இந்தப் படங்களில் நான் காத்திருப்பது ஒரே ஒரு காட்சிக்காக. கார் துரத்தலின்போது கண் அசந்தாலும் அசருவேன், இதைத் தவறவிடமாட்டேன். ஒருவர் மற்றவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகும் காட்சி அது. இதைச் சொன்னால் என் நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு திரைப்படச் சங்கத்தில் அகிரா குரோசவாவின் ‘ஸ்ட்ரே டாக்’ திரையிட்டார்கள். தெருநாய் என்று பொருள். 1949இல் வந்த ஜப்பானியப் படம். அன்று சித்திரை வெயில். படம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டர் புரொஜக்டருக்கு மட்டும்தான் தாங்கும் என்றார்கள். மின்விசிறிகள் நின்றன. வேடிக்கை என்னவென்றால், அந்தப் படமே வெயிலைப் பற்றியதுதான். தலைப்பு எழுத்துகள் ஓடும்போது பின்னால் ஒரு நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துக்கொண்டிருக்கும். அப்புறம் திரையில் எல்லோரும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறார்கள், விசிறிக்கொள்கிறார்கள். கீழே நாங்கள் சங்கத்துத் துண்டறிக்கையை மடித்து விசிறிக்கொண்டிருக்கிறோம். யாரும் எழுந்து போகவில்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெரியவர் மட்டும், “இதுக்கு வெளியிலேயே நின்றிருக்கலாம்” என்று ஒருமுறை முனகினார். அவரும் கடைசிவரை இருந்தார்.

கதை இதுதான். போர் முடிந்து சில ஆண்டுகளே ஆன டோக்கியோ. முராகாமி என்ற இளம் துப்பறிவாளரின் கைத்துப்பாக்கியை நெரிசலான பஸ்ஸில் யாரோ அடித்துவிடுகிறார்கள். பஸ்ஸில் பர்ஸைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்த வயிற்றைப் பிசையும் உணர்வு தெரியும். இங்கே போனது ஏழு தோட்டாக்கள் நிரம்பிய துப்பாக்கி. அது சுடும் ஒவ்வொரு தடவையும் பழி தன் தலையில்தான் என்று அவர் துடிக்கிறார். நடித்தவர் டோஷிரோ மிஃபூனே. அவரோடு சேர்த்துவிடப்படுகிறவர் சாட்டோ, மூத்த துப்பறிவாளர், நடித்தவர் டகாஷி ஷிமூரா. இளையவர் பரபரவென்று அலைகிறார். மூத்தவரோ விசாரணை அறையில், பிடிபட்ட பெண்ணோடு குச்சி ஐஸ் சப்பியபடி ஊர்க்கதை பேசுவதுபோல் பேசிக்கொண்டிருக்கிறார். ஐஸ் கரைவதற்குள் வேண்டிய தகவல் வந்துவிடும்.

பிறகுதான் நான் சொன்ன காட்சி. ஓர் இரவு சாட்டோ முராகாமியை வீட்டுக்கு அழைத்துப் போகிறார். சிறிய வீடு. பீர் குடிக்கிறார்கள். குழந்தைகள் தூங்குகிறார்கள். துப்பாக்கியை வைத்திருக்கும் யூசாவைப் பற்றிப் பேச்சு வருகிறது. போரிலிருந்து திரும்பும் வழியில் அவனுடைய பை திருட்டுப் போயிற்று, அதிலிருந்து அவன் கெட்டுப் போனான். முராகாமி சொல்கிறார்: என் பையும் அப்படித்தான் திருட்டுப் போயிற்று, நானும் அந்த வழியில் போயிருப்பேன், போலீஸில் சேர்ந்துவிட்டேன். குற்றவாளி மேல் இரக்கம் வேண்டாம் என்பது சாட்டோவின் கட்சி. இருவரும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. ஆனால் அந்த வீட்டில் உட்கார்ந்த பிறகு, சாட்டோ குண்டடிபடும்போது நமக்கு நினைவு வருவது அந்தத் தூங்கும் குழந்தைகள்தான். அடுக்களையைக் காட்டாமல் ஆளைச் சுட்டால் வெறும் பட்டாசுச் சத்தம்தான் கேட்கும். இதை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

அடுத்து 1967. ‘இன் த ஹீட் ஆஃப் த நைட்’. இதிலும் வெக்கைதான், பாருங்கள்! அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஒரு சிற்றூர். பிலடெல்பியாவிலிருந்து வந்த கறுப்பினத் துப்பறிவாளர் டிப்ஸ், உள்ளூர் வெள்ளைக்கார போலீஸ் தலைவர் கில்லெஸ்பி. டிப்ஸாக சிட்னி பாய்ட்டியர், கில்லெஸ்பியாக ராட் ஸ்டைகர். டிப்ஸை முதலில் கொலைகாரன் என்றே பிடித்து வந்து உட்காரவைக்கிறார்கள். அங்கேதான் கூட்டணி தொடங்குகிறது! இதிலும் ஓர் இரவு கில்லெஸ்பியின் வீட்டில் இருவரும் உட்காருகிறார்கள். விருந்தாளியே வராத வீடு. மனிதர் தன் தனிமையைப் பற்றி வாய்விடுகிறார். டிப்ஸ் ஒரு வார்த்தை பரிவாகப் பேசியதும் சட்டென்று முகம் மாறி, இனத்தைச் சொல்லித் தள்ளிவிடுகிறார். கதவு ஒரு விரற்கடை திறந்து உடனே மூடிக்கொண்ட மாதிரி. அதனால்தான் முடிவில் அவர் ரயில் நிலையத்தில் டிப்ஸின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவது அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் இதற்குக் கிடைத்தது, ஸ்டைகருக்கும் ஒன்று.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து மூன்று விரலைக் காட்டுகிறார்கள். மூன்று நிமிடம். குரோசவாவின் வெயிலில் அதிக நேரம் நின்றுவிட்டேன்.

‘லீத்தல் வெப்பன்’, 1987, ரிச்சர்ட் டானர் இயக்கியது. பலருக்குத் தெரிந்த படம், ஆகவே சுருக்கமாக. குடும்பஸ்தரான போலீஸ்காரர் முர்ட்டாவுக்கு ஐம்பது வயது நிறைகிறது. குளியல் தொட்டியில் கிடக்கும்போதே குடும்பம் கேக்கோடு உள்ளே நுழைந்துவிடுகிறது. அவரோடு சேர்த்துவிடப்படும் ரிக்ஸ் மனைவியை இழந்தவர், தன்னையே சுட்டுக்கொள்ள ஒரு தோட்டாவைத் தனியாக வைத்திருப்பவர். நடுவில் முர்ட்டா வீட்டுச் சாப்பாட்டு மேஜை. அந்த வீட்டம்மாவின் கைப்பக்குவம் கொஞ்சம் சுமார். முடிவில் கிறிஸ்துமஸ் அன்று ரிக்ஸ் அதே தோட்டாவை, மேலே அலங்கார ரிப்பனோடு, முர்ட்டாவிடம் கொடுக்கும்படி அவர் மகளிடம் தந்துவிட்டுக் கிளம்பப் பார்க்கிறார். முர்ட்டா விடவில்லை. உலகத்திலேயே மோசமான வான்கோழியை நான் ஒருவனே தின்னவேண்டுமா என்று கேட்டு உள்ளே கூப்பிடுகிறார். ரிக்ஸ் தன் நாயோடு போகிறார். வீட்டில் ஒரு பூனை வேறு இருக்கிறது...

இப்போது ஒரு விரல். ஜாக்கி சானும் கிறிஸ் டக்கரும் நடித்த ‘ரஷ் ஹவர்’ பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தேன். 1998. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரிகிறதா இல்லையா என்பதிலேயே பாதிப் படம் ஓடும். மீதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிடும் காட்சி எங்கே வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். வணக்கம்.