புட்டியில் ஒட்டிய ஊர்ப்பெயர்

[காட்சி: மதுரை மாட்டுத்தாவணி பழ மார்க்கெட், விடியற்காலை. திராட்சைப் பெட்டிகள் இறங்குகின்றன.]

கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலிலிருந்து அறுத்த பன்னீர் திராட்சை, பொழுது விடிவதற்குள் மதுரைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகையைச் சேர்ந்த இந்தப் பழம் ஒயினுக்கும் ஏற்றது. 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. ஆனால், நாங்கள் படம்பிடித்த பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, எடையும் மண்டியின் அடையாள எழுத்தும் தெரிந்தனவே தவிர, சுருளிப்பட்டி என்றோ காமயகவுண்டன்பட்டி என்றோ விளைந்த ஊரின் பெயர் ஒன்றில்கூட இல்லை.

பிரான்சின் போர்தோ பகுதியிலும் நெடுங்காலம் ஏறத்தாழ இதே நிலைதான் இருந்தது. தோட்டக்காரர்கள் ஒயினைப் பீப்பாய்களில் வணிகர்களுக்கு விற்றுவிடுவார்கள். புட்டியில் நிரப்புவதும் லேபிள் ஒட்டுவதும் வணிகர்களின் வேலை. மூத்தோன் ரோத்ஷில்ட் (Mouton Rothschild) என்ற ஒயின் தோட்டத்தின் பொறுப்பை இளம் வயதிலேயே ஏற்ற பிலிப் தெ ரோத்ஷில்ட், 1924ஆம் ஆண்டு விளைச்சல் முழுவதையும் தோட்டத்திலேயே புட்டியில் அடைக்க முடிவுசெய்தார். அந்த முடிவை ஊரறியச் செய்வதற்காக, சுவரொட்டி ஓவியர் ழான் கார்லூவைக் கொண்டு லேபிள் வரையச் செய்தார். உழைத்தவர் தம் பெயரைத் தாமே எழுதிக்கொண்ட அந்தச் செயல்தான் லேபிள் கலையின் வேர் என்று நான் கருதுகிறேன். அழகெல்லாம் அதற்குப் பிறகு வந்தது.

[காட்சி: மூத்தோன் லேபிள்கள், ஒவ்வொன்றாக.]

போர் முடிந்த 1945இல், வெற்றியைக் குறிக்கும் ‘வி’ என்ற எழுத்தை ஓவியர் பிலிப் ஜூலியன் அந்த லேபிளுக்கு வரைந்தார். அன்று முதல் ஆண்டுக்கொரு கலைஞர் என்பது வழக்கமாயிற்று. சம்பளம் பணமாக அல்ல, ஒயினாகவே தரப்பட்டது. போர்தோ ஒயின்களுக்கான 1855ஆம் ஆண்டுத் தரவரிசையில் இரண்டாம் தரத்தில் வைக்கப்பட்ட அந்தத் தோட்டம் 1973இல் முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்டது. பிக்காசோ மறைந்ததும் அதே ஆண்டில்தான் என்பதால், அவ்வாண்டு லேபிளில் அவருடைய ஓவியமே இடம்பெற்றது. மும்பையில் பிறந்த அனிஷ் கபூரின் ஓவியம் 2009ஆம் ஆண்டு லேபிளில் இருக்கிறது. 1993ஆம் ஆண்டு லேபிளுக்குப் பால்தூஸ் வரைந்த ஆடையற்ற சிறுமியின் படத்துக்கு அமெரிக்காவில் எதிர்ப்பு எழவே, அங்கே விற்ற புட்டிகளில் ஓவியத்துக்குரிய இடம் வெறுமையாகவே விடப்பட்டது. அந்த வெள்ளைக் கட்டமும் இன்று ஒரு கதையைச் சொல்கிறது.

ஓவியமே இல்லாமலும் லேபிள் பேசும். பிரான்சின் இன்னொரு ஒயின் பகுதியான பர்கண்டியின் லேபிள்கள் பலவற்றில் திராட்சை வகையின் பெயரைக் காண முடியாது. ஊரின் பெயரே பெரிய எழுத்தில் நிற்கும். எந்த ஊர் ஒயினுக்கு எந்தத் திராட்சை என்பதைச் சட்டமே வரையறுத்திருப்பதால், ஊரைச் சொன்னாலே பழத்தையும் சொன்னதாகிவிடுகிறது.

[காட்சி: சிவகாசி அச்சகம்.]

தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அச்சிட்டுக் கைதேர்ந்த ஊர் சிவகாசி. கம்பம் திராட்சை ஒயினுக்கென்று ஒரு மாதிரி லேபிளை நாங்களே வரைந்து அங்கே கொண்டுசென்றோம்: மேலே மலைத்தொடர், நடுவே பந்தல், கீழே பெரிய எழுத்தில் ‘சுருளிப்பட்டி’. ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி பிளேட் என்பதால், மயிரிழை விலகினாலும் எழுத்துக்குப் பின்னால் நிழல் விழுந்துவிடும். முதல் தாளில் அப்படித்தான் விழுந்தது. அச்சுக்காரர் லென்ஸைக் கண்ணருகே பிடித்து, ஓரத்திலிருந்த கூட்டல் குறிகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும்வரை இயந்திரத்தைத் திருத்திக்கொண்டே இருந்தார்.

குளிரவைத்துப் பரிமாறும் ஒயினுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. லேபிள் ஒட்டிய இரண்டு புட்டிகளைப் பனிக்கட்டி போட்ட வாளியில் அமிழ்த்தி வைத்தோம். சாதாரணத் தாள் அரை மணி நேரத்துக்குள் நைந்து, மலையும் பந்தலுமாக நழுவி வாளியின் அடியில் படிந்துவிட்டது. ஈரம் தாங்கும் தாளில் அச்சிட்டது மட்டும், நீர் சொட்டச் சொட்ட, ‘சுருளிப்பட்டி’ என்ற எழுத்து கலையாமல் வெளியே வந்தது.