ஆர்கேட் பெட்டிக்கு எந்தத் திரை?

வணக்கம் நேயர்களே. காசு போட்டு வீடியோ கேம் ஆடும் பழைய ஆர்கேட் பெட்டியை வீட்டில் வைத்திருப்பவர்கள் சிங்கப்பூரில் இன்னும் இருக்கிறார்கள். வீவக வீட்டு வரவேற்பறையில் அதற்கு இடம் பிடிக்க வீட்டாரோடு எவ்வளவு மல்லுக்கட்டினார்களோ, அது வேறு கதை. அவர்கள் என்னிடம் கேட்பது, "அண்ணே, திரை போய்விட்டது, எந்த மானிட்டர் போடலாம்?" பெட்டியில் என்ன விளையாட்டு என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

பலரும் அளவை மட்டும் பார்க்கிறார்கள். பழையது 19 அங்குலமா, அதே அளவில் ஓர் எல்சிடி வாங்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆனால் 1980-இல் வந்த, பேய்கள் துரத்தும் பேக்-மேன் விளையாட்டு வினாடிக்குச் சுமார் 15,700 கோடுகள் என்ற வேகத்தில் படத்தை அனுப்பும். கணினி மானிட்டர்கள் பெரும்பாலும் 31,000-க்குக் கீழே இறங்கி வராது. நேராக இணைத்தால் படம் வராது. நடுவில் அந்த வேகத்தை மாற்றித் தரும் மின்பலகை ஒன்று வேண்டும். மலிவான பலகைகள் சில படத்தைச் சற்றுத் தாமதமாகக் காட்டும். ஜாய்ஸ்டிக்கை நீங்கள் திருப்பிய பிறகுதான் திரையில் திரும்பும். பேய் அதற்குள் பிடித்துவிடும்.

அப்புறம் வடிவம். பேக்-மேன் திரை நெட்டுக்குத்தானது, 3-க்கு 4. இன்றைய அகலத் திரையை நிமிர்த்தி வைத்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். எதிரெதிரே உட்கார்ந்து ஆடும் மேசைப் பெட்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். மலிவான டிஎன் வகை எல்சிடியை ஒரு பக்கமிருந்து பார்த்தால் நிறம் கெட்டுத் தெரியும், ஓர் ஆட்டக்காரர் பாவம். அங்கே பக்கவாட்டிலும் நிறம் கெடாத ஐபிஎஸ் வகைத் திரைதான் சரி.

பழைய துப்பாக்கி விளையாட்டுகள் பலவற்றில் எல்சிடி பேச்சுக்கே இடமில்லை. முதல் டைம் கிரைசிஸ் போன்றவற்றில் துப்பாக்கி படக்குழாயில் ஓடும் ஒளிப்புள்ளியைப் பார்த்துத்தான் குறியைக் கணக்கிடும். எல்சிடியில் அந்தப் புள்ளியே கிடையாது. 1979-இன் ஆஸ்டராய்ட்ஸ் இன்னொரு வகை. அது வரிவரியாகப் படம் காட்டாமல் கோடுகளை நேராக வரையும். அதற்கு அப்படிக் கோடு வரையும் வெக்டர் மானிட்டர்தான் வேண்டும்.

என்னைக் கேட்டால், மாற்றுவதற்கு முன் பழுது பார்க்கச் சொல்வேன். பல பெட்டிகளில் குழாய் நன்றாகவே இருக்கும்; பின்னால் உள்ள சேஸிஸ் என்ற மின்சுற்றுப் பலகையில் கெப்பாசிட்டர்கள் (மின்தேக்கிகள்) வறண்டிருக்கும். படம் நெளிந்தாலோ குறுகினாலோ முதல் சந்தேகம் அவற்றின் மேல்தான். நடுவில் ஒரே கிடைக்கோடு மட்டும் தெரிந்தால் மேல்கீழ் விரிக்கும் பகுதி செத்திருக்கிறது. இரண்டுக்கும் சிம் லிம் டவரில் பாகம் தேடலாம். குழாயே மங்கிப்போயிருந்தால்தான் மாற்றுக் குழாய்.

அதற்குப் பழைய குழாய்த் தொலைக்காட்சி உதவும். 2019 தொடக்கத்தில் சிங்கப்பூரில் அனலாக் ஒளிபரப்பை நிறுத்திய பிறகு, தனி டிஜிட்டல் பெட்டி இல்லாமல் அவற்றில் ஒளிபரப்பு வராது. அளவு மட்டும் ஒத்துப்போனால் போதாது. கழுத்தில் மாட்டும் சாக்கெட்டும், குழாயைச் சுற்றியிருந்து படத்தை விரிக்கும் யோக் என்ற கம்பிச் சுருளும் உங்கள் சேஸிஸுக்குப் பொருந்த வேண்டும். சுருள் பொருந்தாவிட்டால் பழையதைக் கழற்றி மாட்டலாம். பிறகு மூன்று நிறங்களையும் ஒன்றின்மேல் ஒன்று சேரவைக்க ஒரு மாலை முழுக்கப் போகும்.

இன்னொரு முக்கியமான விஷயம் மின்சாரம். நம் சுவரில் வருவது 230 வோல்ட். ஜப்பானியப் பெட்டிகள் 100 வோல்ட்டுக்கு உரியவை, அமெரிக்கப் பெட்டிகள் 120-க்கு உரியவை. பல அமெரிக்க மானிட்டர்களுக்குச் சுவர் மின்சாரத்தோடு நேரடித் தொடர்பு இல்லாமல் பிரித்து வைக்கும் டிரான்ஸ்பார்மரும் கட்டாயம். வண்ணக் குழாயில் 20,000 வோல்ட் அளவில் மின்னழுத்தம் இருக்கும், சுவிட்சை அணைத்த பிறகும் தங்கும். பழக்கமில்லாதவர்கள் பின்கதவைத் திறக்க வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

எல்சிடிக்கே மாறினாலும் பழைய மானிட்டரின் இரும்புச் சட்டத்தையும் சுருளையும் எறிந்துவிடாதீர்கள். நல்ல குழாய் எங்காவது கிடைத்தால் அவற்றைத்தான் முதலில் தேடுவீர்கள். வணக்கம்.