கையில் வேல் பச்சை குத்தும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

முருகனை வேண்டிக்கொண்டு கையில் வேலோ ‘சரவணபவ’வோ முதன்முதலாகப் பச்சை குத்தக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தைப்பூசத்தையோ ஆடிக் கிருத்திகையையோ வைத்துத்தான் நாள் குறிக்கிறார்கள். விரதம் இருந்து, வெறும் வயிற்றோடு, விழாவுக்கு முதல் நாள் கடைக்கு வருகிறார்கள். தயவுசெய்து இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் ஊசி ஏறினால் தலைசுற்றி மயக்கம் வரலாம். தவிர, குத்திய இடம் புதுக்காயம். மேல்தோல் மூட 2 முதல் 4 வாரம் பிடிக்கும். அதுவரை சண்முக நதியிலோ திருச்செந்தூர்க் கடலிலோ முங்கிக் குளிக்க முடியாது. அதனால் யாத்திரைக்கு 6 வாரம் முன்பே குத்திவிடுங்கள். இல்லையேல் நேர்த்திக்கடனை முடித்துத் திரும்பியபின் குத்துங்கள்.

எந்த இடத்தில் குத்துவது? மத்திய ஆயுதக் காவல் படைகளில் சேரும் எண்ணம் இருந்தால் இதை அறிந்திருக்க வேண்டும். சமயச் சின்னத்துக்கு அங்கே தடையில்லை. ஆனால் முன்கையின் உட்புறம் என்றால் இடது கையில் மட்டும்தான். வலது, சல்யூட் அடிக்கும் கை. புறங்கையிலும் இருக்கலாம். அளவு அந்த உறுப்பில் கால் பங்குக்குள் அடங்க வேண்டும்.

இனி எழுத்து. மை ஆண்டுகள் போகப் போகத் தோலுக்குள் கொஞ்சம் பரவும். ‘சரவணபவ’வைப் பொடியாக எழுதினால் முதலில் அடைபடுவது ‘ண’வின் சுழிகள்தான். ஓர் எழுத்து 1 செ.மீ. உயரத்துக்குக் குறையவே வேண்டாம். ஊசி படுமுன், குத்தப்போகும் உருவின் மாதிரி அச்சான ஊதா நிற ஸ்டென்சிலைத் தோலில் ஒட்டுவார்கள். உடனே எழுந்து நின்று, கையை இயல்பாகத் தொங்கவிட்டுக் கண்ணாடியில் பாருங்கள். மேசைமேல் திருப்பி வைத்த கையில் நேராகத் தெரிந்த வேல், கையைத் தொங்கவிட்டால் சாய்ந்து நிற்கும். முன்கை முறுகுவதால் இப்படி ஆகிறது. ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஸ்டென்சிலை எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்து ஒட்டலாம், கூச்சப்பட வேண்டாம்.

ஊசி உறையை உங்கள் கண்முன் பிரிக்க வேண்டும். மையைச் சிறு மூடியில் ஊற்றி, மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். மயில்தோகைக்குச் சாம்பல் நிழல் போடக் கறுப்பு மையில் நீர் கலப்பார்கள். அது கிருமி நீக்கிய நீர்தானா என்று கேளுங்கள். குழாய்த் தண்ணீர் கலந்த மையால் சில வாரம் கழித்துச் சிறு கட்டிகள் கிளம்பலாம், ஆற மாதக்கணக்காகும். திருவிழாக் கடைகளில் ஒரே ஊசி பல கைகளுக்குப் போனால் மஞ்சள் காமாலை பி, சி கிருமிகளும் எச்.ஐ.வி.யும் தொற்றலாம். பக்தியோடு குத்தினாலும் இந்த ஆபத்து குறையாது.

ஊசி 1 முதல் 2 மி.மீ. ஆழம் போக வேண்டும். மேலோடு நின்றால் மை பொருக்கோடு உதிர்ந்துவிடும். ஆழம் மிஞ்சினால் கோட்டைச் சுற்றி நீலம் கசியும், அதைத் திருத்துவது கடினம்.

வீட்டுக்கு வந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வாசனையில்லாத சோப்பால் காயத்தை மெல்லக் கழுவி ஒற்றி எடுங்கள். களிம்பை மிக மெல்லியதாகத் தடவுங்கள். தடிப்பாக அப்பினால் பொருக்கு ஊறிப்போய் மையும் உரியும். திருநீறு, சந்தனம், மஞ்சள் எதுவும் ஆறும்வரை அதன்மேல் படக் கூடாது. அரித்தால் சொறியாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் சிவப்பும் நீர்க்கசிவும் இயல்பு. அதன்பின் வலி ஏறினால், சிவப்பு பரவினால், சீழோ காய்ச்சலோ வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

வேலின் நடுவே சிவப்புப் பொட்டு கேட்பவர்களுக்கு: ஒவ்வாமையை அதிகம் கிளப்புவது சிவப்பு மைதான், மாதங்கள் கழித்தும் தடித்து அரிக்கும். கறுப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது. காது குத்திய இடம் புடைத்துத் தழும்பானவர்களும் சர்க்கரை நோயாளிகளும் முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள். குத்தியபின் 12 மாதம் இரத்த தானம் செய்ய முடியாது. முகாமில் கேட்கும்போது மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வணக்கம்.