சங்கம் கட்டத் தெரிந்து வந்தவர்கள்

அவைத் தலைவர் அவர்களே, நண்பர்களே, வணக்கம்.

எல் சால்வடோர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது இரண்டு. ஒன்று பிட்காயின். இன்னொன்று, உடம்பெல்லாம் பச்சை குத்திய கைதிகளை மொட்டையடித்து வரிசையாக உட்கார வைத்த சிறைப் படங்கள். பிட்காயினை விட்டுவிடுகிறேன். சிறைப் படத்துக்குப் பிறகு வருகிறேன். இன்று நான் பேச வந்தது, அந்தச் சின்ன நாட்டு மக்கள் அமெரிக்காவின் இரண்டாவது பெரிய நகரமான லாஸ் ஏஞ்சல்ஸுக்கு என்ன செய்தார்கள் என்பதைப் பற்றி.

மத்திய அமெரிக்காவிலேயே மிகச் சிறிய நாடு அது. பரப்பளவு ஏறத்தாழ 21,000 சதுர கிலோமீட்டர். நல்ல நிலமும் காப்பித் தோட்டங்களும் விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்களின் கையில் இருந்தன. 1980 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சுமார் 75,000 பேர் மாண்டார்கள். அரசுப் படைக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது அமெரிக்கா. பேராயர் ஆஸ்கர் ரொமேரோ ஒரு மறையுரையில் சிப்பாய்களைப் பார்த்து, மக்களைக் கொல்லச் சொல்லும் உத்தரவுக்குக் கீழ்ப்படியாதீர்கள் என்றார். மறுநாள், 1980 மார்ச் 24 அன்று, திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த இடத்திலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். பேராயருக்கே அந்தக் கதி என்றால் மற்றவர்களைக் கேட்கவா வேண்டும்? தொழிற்சங்கத்தில் இருந்தவர், பள்ளி ஆசிரியர், விவிலியம் வாசிக்க வட்டமாகக் கூடிய விவசாயி, யாராக இருந்தாலும் நாலு பேரோடு கூடினார் என்பதே உயிருக்கு ஆபத்து.

தப்பி வந்தவர்களுக்கு அமெரிக்கா கதவைத் திறந்ததா? 1980களில் சால்வடோர்காரர்கள் கொடுத்த புகலிட மனுக்களில் ஏற்கப்பட்டவை நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. ஏற்றுக்கொண்டால், நாம் ஆயுதம் கொடுக்கும் அரசுதான் இவர்களைக் கொல்கிறது என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? அதனால் தங்குவதற்கான அனுமதிக் காகிதம் எதுவும் கையில் இல்லாமலேயே லாஸ் ஏஞ்சல்ஸின் மக்கார்தர் பூங்காவைச் சுற்றியுள்ள வெஸ்ட்லேக், பிக்கோ யூனியன் பகுதிகளில் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். பெண்கள் வீட்டு வேலைக்கும் தையல் ஆலைகளுக்கும் போனார்கள். ஆண்கள் கட்டட வேலைக்குப் போனார்கள். இரவானால் இருபாலரும் அலுவலகக் கோபுரங்களைப் பெருக்கித் துடைக்கப் போனார்கள்.

அவர்களால் நகரத்துக்கு என்ன லாபம் என்று கேட்டால் எல்லாரும் முதலில் புப்பூசா என்பார்கள். சொல்லட்டும், தப்பில்லை, ருசியான பண்டம்தான். சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த சோள மாவை உள்ளங்கையில் குழித்து, நம்ம ஊர் போளிக்குப் பூரணம் வைப்பது போல உள்ளே சீஸ், மசித்த பீன்ஸ், பன்றி இறைச்சி வைத்து மூடுகிறார்கள். சிலர் லொரோகோ என்ற கொடியின் பூமொட்டையும் சேர்ப்பார்கள். பிறகு இரண்டு கையிலும் மாற்றி மாற்றித் தட்டி, சூடான கல்லில் போடுகிறார்கள். தொட்டுக்கொள்ள புளிக்கவைத்த முட்டைக்கோஸ். வெர்மான்ட் அவென்யூவின் ஒரு பகுதிக்கு 2012-ல் எல் சால்வடோர் பெயரையே நகரம் சூட்டியது. அந்த நடைபாதையில் இதையெல்லாம் வாங்கிச் சாப்பிடலாம். ஆனால் நடைபாதையில் விற்பது பல ஆண்டுகள் குற்றமாக இருந்தது. வண்டியையும் சரக்கையும் பிடுங்கிக்கொண்டு போவார்கள். மெக்சிகோ, குவாத்தமாலா வியாபாரிகளோடு சேர்ந்து சால்வடோர் பெண்கள் சங்கம் அமைத்து, நகரசபைக்கு நடையாய் நடந்தார்கள். 2018-ல் கலிபோர்னியா மாநிலம் முழுவதற்கும் சட்டம் வந்தது. நடைபாதை வியாபாரம் இனிக் கிரிமினல் குற்றம் இல்லை என்றானது. எனக்குப் புப்பூசாவை விட இந்தக் கதைதான் பெரிதாகத் தெரிகிறது.

துப்புரவுத் தொழிலாளர் கதை இதைவிடப் பெரிது. 1980களில் அலுவலகக் கட்டடங்களின் முதலாளிகள் துப்புரவு வேலையைக் காண்ட்ராக்டர்களிடம் விட்டார்கள். சங்கத்தில் இருந்த பழைய தொழிலாளிகள், பெரும்பாலும் கறுப்பின மக்கள், வேலையிழந்தார்கள். அந்த இடத்துக்குக் குறைந்த கூலிக்குக் குடியேறிகளைப் பிடித்தார்கள். காகிதம் இல்லாதவன் வாய் திறக்க மாட்டான் என்பது கணக்கு. கணக்கு தப்பிப் போனது. ஊரில் சங்கம் என்றால் உயிர் போகும், இங்கே போனால் வேலைதானே போகும் என்று துணிந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறைய இருந்தார்கள். ரகசியமாகக் கூடுவது, ஆளுக்கு ஆள் நம்பிக்கை வளர்ப்பது, பாதிரியாரைக் கூட்டிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்துவது என்று எல்லாமே அவர்களுக்கு ஊரிலேயே பழக்கம். 1990 ஜூன் 15 அன்று லாஸ் ஏஞ்சல்ஸின் அலுவலகக் கோபுரப் பகுதியான செஞ்சுரி சிட்டியில் ஊர்வலம் போன வேலைநிறுத்தக்காரர்களைப் போலீஸ் தடியால் விளாசியது. பலருக்கு மண்டை உடைந்தது. கர்ப்பிணி ஒருவருக்குக் கரு கலைந்தது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்த ஊர் கொதித்தது. சில வாரங்களுக்குள் காண்ட்ராக்டர் சங்கத்தை ஏற்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். நகர நிர்வாகம் பின்னால் நஷ்டஈடும் கொடுத்தது. அந்த ஜூன் 15-ஐத் துப்புரவுத் தொழிலாளர் நாளாக இன்றும் கொண்டாடுகிறார்கள். அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் தேய்ந்துகொண்டிருந்த பத்தாண்டில், லாஸ் ஏஞ்சல்ஸில் அந்த இயக்கம் தலைநிமிர்ந்ததில் இவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

சங்கத்தோடு நிற்கவில்லை. வக்கீல் வைக்க வழியில்லாத அகதிகளுக்காக எல் ரெஸ்காட்டே 1981-லும், காரெசன் என்ற உதவி மையம் 1983-லும் தொடங்கின. அதே 1983-ல் ரொமேரோ பெயரில் ஒரு மருத்துவ நிலையம் வந்தது. காப்பீடு இல்லாதவர்களுக்கு அது இன்றைக்கும் வைத்தியம் பார்க்கிறது. 1985-ல் நகரின் பழைய லா பிளசிட்டா ஆலயம் அகதிகளுக்குத் தஞ்சமளிப்பதாகப் பகிரங்கமாக அறிவித்தது. அவர்கள் சார்பில் தேவாலயங்கள் அமெரிக்க அரசின் மீது போட்ட வழக்கு 1991-ல் சமரசத்தில் முடிந்தது. மறுக்கப்பட்ட மனுக்களை மறுபடி விசாரிக்க அரசு ஒப்புக்கொண்டது.

இனி அந்தச் சிறைப் படம். அந்தப் படங்களோடு சேர்த்துப் பேசப்படும் எம்.எஸ்.13 என்ற குற்றக் கும்பல் எல் சால்வடோரில் பிறந்ததல்ல, லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தது. போரைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, வாழ்ந்த தெருவிலும் அடிவாங்கிய பிள்ளைகள் கூடிய கூட்டம் அது. அவர்களை 1990களில் விமானம் விமானமாக நாடு கடத்தினார்கள். அப்போதுதான் போர் முடிந்து தள்ளாடிக்கொண்டிருந்த நாடு, அவர்களை என்ன செய்ய முடியும்? நோயை ஏற்றுமதி செய்துவிட்டு நோயாளியைத் திட்டினால் எப்படி?

ஆபத்துள்ள நாட்டுக்குத் திருப்பி அனுப்பாமல் அமெரிக்காவில் தங்கி வேலை செய்ய விடும் தற்காலிகப் பாதுகாப்பு அந்தஸ்து என்று 1990-ல் ஒரு சட்டம் வந்தபோது, அதில் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கப்பட்டவர்கள் சால்வடோர்காரர்கள். 2001-ல் அங்கே இரண்டு பெரிய பூகம்பங்கள் வந்ததும் அந்த அந்தஸ்தை மறுபடி கொடுத்தார்கள். அதை வைத்திருப்பவர் பெரும்பாலும் பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். தற்காலிகம் என்ற பெயரில் இருபது வருடத்துக்கும் மேல் ஓடிவிட்டது. இதற்குள் வீடு வாங்கியிருக்கிறார்கள், அமெரிக்கக் குடிமக்களாகப் பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள். 2018 ஜனவரியில் அதை ரத்து செய்யப் போவதாக அரசு அறிவித்தபோது அந்தப் பிள்ளைகளும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றம் தடை விதித்தது. லாஸ் ஏஞ்சல்ஸின் நார்த்ரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2000-லேயே மத்திய அமெரிக்கவியல் என்று ஒரு பாடத்திட்டம் தொடங்கியிருந்தார்கள். அமெரிக்காவில் அதுதான் முதல். அதைக் கேட்டுப் போராடியவர்களும் இதே வீட்டுப் பிள்ளைகள்தான்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். சிறைகளைப் பற்றிக் கேட்க நினைப்பவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் துப்புரவுச் சங்கத்தைப் பற்றி யாராவது ஒருவர் கேட்டால் சந்தோஷப்படுவேன். நன்றி, வணக்கம்.