நடிகருக்கும் ஒரு சாய்தளம்

நண்பர்களே, வணக்கம்.

'எல்லோருக்குமான அரங்கம்' என்று பேச்சை எடுத்தாலே நம் கண் நேராக இருக்கைகள் பக்கம் போய்விடுகிறது. முன்வரிசையில் இரண்டு நாற்காலிகளைத் தூக்கிவிட்டுச் சக்கர நாற்காலிக்கு இடம் விடுகிறோம். வாசலில் ஒரு பலகையைச் சாய்த்து வைக்கிறோம். அத்தோடு திருப்தி வந்துவிடுகிறது. ஆனால் நாம் நடத்துவது சமூக நாடகக் குழு. யார் வேண்டுமானாலும் வந்து நடிக்கலாம், விளக்குப் போடலாம், உடை தைக்கலாம் என்று சொல்லித்தான் ஆள் சேர்க்கிறோம். அப்படிச் சொல்லிவிட்டு மேடைக்குப் போகிற வழியில் ஆறு படிக்கட்டுகளை மட்டும் வைத்திருந்தால், அந்த அழைப்பில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது என்றுதான் பொருள்.

இது காசில்லாத சின்னக் குழுக்களின் சிக்கல் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனி விருதுக்கான 2019ஆம் ஆண்டு விழா நியூயார்க்கின் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் நடந்தது. சக்கர நாற்காலியில் இயங்கும் ஆலி ஸ்ட்ரோக்கர் அன்று நடிப்புக்கான விருது வாங்கினார். சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை. ஆனால் பார்வையாளர் பகுதியிலிருந்து மேடைக்கு அவர் வர வழி இல்லை. மேடைக்குப் பின்னால்தான் காத்திருந்தார். பார்வையாளராக வந்தால் இடம் உண்டு, மேடை ஏறுவார் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

சரி, சாய்தளம் போடலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கணக்கைப் பார்த்துவிடுங்கள். பரவலாக ஏற்கப்பட்ட அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. அதாவது மேடை 90 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் கிட்டத்தட்ட 11 மீட்டர் நீள வேண்டும். நடுவே நின்று மூச்சு வாங்கச் சமதளம் தனி. நம்மில் பலர் ஒத்திகை பார்க்கும் கூடத்தின் நீளமே அவ்வளவு இருக்காது. அதற்காக நாலு மீட்டரில் செங்குத்தாக ஒன்றைப் போட்டு, பின்னால் இரண்டு பேர் தள்ளுவார்கள் என்று விடுவது ஆபத்து. அந்த நடிகருக்கு அவமானமும்கூட. என் யோசனை எளிது: மேடையை விட்டு இறங்குங்கள். கூடத்தின் தரையிலேயே ஆடுகளத்தை வைத்து, பார்வையாளர்களைச் சுற்றி உட்கார வையுங்கள். நாடகத்துக்கு உயரம் கட்டாயம் இல்லை. தரைக்கு வந்த பிறகு அந்த நாடகம் நெருக்கம் கூடி நன்றாகவே இருக்கும் என்பது என் கட்சி.

அப்புறம் ஒப்பனை அறை. கதவு 80 செ.மீ.யாவது திறக்கிறதா, உள்ளே நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் இருக்கிறதா, கண்ணாடி உட்கார்ந்தவர் முகத்துக்கு நேரே இருக்கிறதா, கழிப்பறை எந்தப் பக்கம்? இவற்றை அரங்கத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டும். காது கேளாத நடிகர் இருந்தால், வசனத்தைக் கேட்டு உள்ளே வரச் சொல்ல முடியாது. பக்கத்திரைக்குள் ஒரு சின்ன விளக்கு எரிந்தால் 'இப்போது போ' என்று அர்த்தம், அவ்வளவுதான். பார்வை குறைந்தவருக்குப் பிரதியைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒத்திகைக்குச் சில நாள் முன்பே கொடுத்துவிடுங்கள்.

பாதுகாப்புக்கு வருகிறேன். 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இராகுவா அரங்கில் பகல் காட்சி. விடுமுறைக் காலம் என்பதால் பெண்களும் குழந்தைகளும் நிறைந்த கூட்டம். விளக்கிலிருந்து பறந்த பொறி திரைச்சீலையில் பற்றியது. தீயைத் தடுக்க வேண்டிய திரை பாதியில் சிக்கி நின்றது. வெளியேறும் கதவுகளில் சில பூட்டிக் கிடந்தன, சில திரைக்குப் பின்னால் மறைந்திருந்தன, சிலவற்றின் தாழ்ப்பாளைத் திறக்கவே மக்களுக்குத் தெரியவில்லை. அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். திறந்து சில வாரங்களே ஆன அந்த அரங்கைத் 'தீப்பிடிக்கவே பிடிக்காதது' என்று விளம்பரம் செய்திருந்தார்கள். உடம்பால் தள்ளினாலே திறந்துகொள்ளும் கதவுக் கம்பி பிறகு பரவியதற்கு இந்த விபத்து முக்கியமான காரணம்.

இன்றைக்கும் ஓசி டிக்கெட்டில் யாராவது நுழைந்துவிடுவார்கள் என்று பக்கவாட்டுக் கதவில் சங்கிலி போடும் குழுக்கள் இருக்கின்றன. காட்சி தொடங்குமுன் ஒருவர் போய் ஒவ்வொரு கதவையும் உள்ளிருந்து தள்ளித் திறந்து பார்க்க வேண்டும். கூடவே, சக்கர நாற்காலியில் வந்தவரை நெருப்பு நேரத்தில் எந்த வழியாக, யார் அழைத்துப் போவது என்பதையும் அன்றே பேசி வைக்க வேண்டும். உள்ளே வரச் சாய்தளம், வெளியே ஓடப் படிக்கட்டு என்றால் எப்படி?

கதவு, கம்பி, வயர் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. தெரியாதது ஒன்று உண்டு. 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று இயக்குநர் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பயம் வரும். குடும்பத்தில் நடப்பதை வெளியே சொல்லக் கூடாது அல்லவா? சம்பளம் இல்லாத இடத்தில், அடுத்த நாடகத்தில் வேடம் கிடைக்குமா என்பதுதான் அதிகாரம். 2017இல் சிகாகோ நாடகக்காரர்கள் தங்களுக்குள் பேசி ஒரு நெறித் தொகுப்பை வெளியிட்டார்கள். அதில் எனக்குப் பிடித்த ஏற்பாடு இது: நடிகர்களில் ஒருவரை நடிகர்களே பிரதிநிதியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். புகார் இருந்தால் இயக்குநரிடம்தான் போய் நிற்க வேண்டும் என்பதில்லை. அந்த இயக்குநர் மீதே புகார் என்றால் யாரிடம் போவது என்பதும் முதல் நாளே எழுத்தில் கையில் கிடைக்கிறது.

கன்னத்தில் ஓர் அறை விழும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 'உணர்ச்சியில் அடித்துவிட்டேன்' என்பது நடிப்பு அல்ல. அடிப்பவர் கை எங்கே நிற்கும், வாங்குபவர் தலை எந்தப் பக்கம் திரும்பும், சத்தத்தை யார் கைதட்டிக் கொடுப்பது என்று முதலில் மெதுவாக எண்ணி எண்ணிப் பழக வேண்டும். தொடக்கம் வாங்குபவரிடமிருந்து: அவர் பார்த்துத் தலையசைத்த பிறகே கை கிளம்பும். அணைப்பு, முத்தம் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். நேற்றுச் சரி என்றவர் இன்று வேண்டாம் என்றால் காட்சியை மாற்றுங்கள். சிறுவர்கள் நடித்தால், பெரியவர் ஒருவர் மட்டும் அவர்களோடு மூடிய அறையில் இருக்கக் கூடாது. உடை மாற்றும் அறைக்குள் கைபேசி வரக் கூடாது. இதில் பேரம் கிடையாது.

பார்வையாளரையும் மறந்துவிடவில்லை. பார்வையற்றவர்களுக்கு நாடகம் நடக்கும்போதே காட்சியைக் காதில் வர்ணிக்கும் முறை 1981இல் வாஷிங்டனின் அரீனா ஸ்டேஜ் அரங்கில் உருப்பெற்றது. அதைத் தொடங்கியவர்களில் மார்கரெட் ராக்வெல் தாமே பார்வையற்றவர். கருவி வாங்க முடியாவிட்டாலும், காட்சிக்கு அரை மணி முன்னால் அவர்களை அழைத்து உடைகளையும் அரங்கப் பொருட்களையும் தொட்டுப் பார்க்கச் செய்யலாம். ஆட்டிசம் உள்ளவர்களுக்காக ஒரு காட்சியை மட்டும் தளர்த்தி நடத்தலாம்: விளக்கை முழுதாக அணைக்காமல், ஒலியைக் குறைத்து, எழுந்து போய் வர விட்டு. நொடிக்கு மூன்று தடவைக்கு மேல் வெட்டும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டும். அதைத் தவிர்த்துவிடுங்கள், முடியாது என்றால் டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள்.

காசுக்கு எங்கே போவது என்பீர்கள். நான் சொன்னவற்றில் பாதிக்குக் காசே வேண்டாம். மீதிக்கு, அரங்க அமைப்புக்கும் உடைக்கும் பணம் ஒதுக்கும் அதே கூட்டத்தில், அவற்றுக்கு முன்னால் ஒதுக்குங்கள். அந்தக் கூட்டத்தில் சக்கர நாற்காலியில் வருகிறவரும் சைகை மொழியில் பேசுகிறவரும் உட்கார்ந்திருக்கட்டும். எதில் முதலில் செலவழிப்பது என்று அவர்கள் சொல்வார்கள்.