துக்கத்துக்கு மாத்திரை உண்டா?

நேயர்களுக்கு வணக்கம். மனநல மருத்துவன் என்று தெரிந்ததும், துட்டி வீட்டில்கூட என்னை ஓரமாக அழைத்துப்போய்க் கேட்பார்கள்: "இப்படியே அழுதுக்கிட்டு இருக்காளே டாக்டர், இது வியாதியா?"

ஒரு சத்துணவு சமையலரை அவருடைய நாத்தனார் அழைத்து வந்தார். லாரி ஓட்டிய கணவர் இறந்து ஐந்து மாதம். "செத்தவர் போனுக்கு மாசாமாசம் ரீசார்ஜ் பண்றா. யார் கூப்பிட்டாலும் எடுத்து, லோடு ஏத்தப் போயிருக்காருங்கிறா. இது பைத்தியம் இல்லாம என்ன?"

அந்த அம்மாவைக் கேட்டேன். "அவர் போனது தெரியும் சார். போனில் கூப்பிடுறது கடன்காரங்க. செத்துட்டார்னு சொன்னா மறுநாள் வாசல்ல வந்து நிப்பாங்க." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவரும் சிரித்துவிட்டார். அப்புறம் அழுதார். சாப்பாடு? இறங்குகிறது. தூக்கம்? விடியற்காலையில்தான். வேலை? "முட்டை எண்ணும்போது மட்டும் அவர் நினைப்பு வராது, கணக்குத் தப்பிடும்."

மாத்திரை எழுதவில்லை. நாத்தனாருக்கு என்மேல் வருத்தம்தான். மாத்திரை எழுதாதவன் என்ன டாக்டர்!

அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் முன்பு ஒரு விலக்கு இருந்தது: உறவினர் இறந்த முதல் இரண்டு மாதம் வரும் சோர்வை, கடுமையான அறிகுறிகள் இல்லாவிட்டால், மனச்சோர்வு நோயென்று சொல்லக்கூடாது. 2013இல் அதை எடுத்துவிட்டார்கள். அங்கேயே பெரிய சண்டை நடந்தது. 2022இல் 'நீடித்த துக்கக் கோளாறு' என்று தனி நோயாகவே சேர்த்தார்கள். பெரியவர்களுக்கு 12 மாதம் கழிய வேண்டும். நம் வீடுகளில் தலைத்திவசம் வரை பண்டிகை கொண்டாடாமல் இருக்கிறோமே, அதே ஒரு வருடம். உலக சுகாதார நிறுவனம் ஆறே மாதம் என்கிறது. ஆனால் அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் மீறியதாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறது. எனக்குப் பிடித்த வரி அதுதான்.

நாள்கணக்கை மட்டும் பார்க்காதீர்கள். சாப்பாடு, தூக்கம், வேலை: இவற்றைக் கேளுங்கள். வருடம் தாண்டியும் அன்றாடம் அதே ஏக்கம், வேலைக்குப் போக முடியவில்லை, வாழ்வதே வீண் என்கிறார் என்றால் அழைத்து வாருங்கள். சாகவேண்டும் என்று சொன்னால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். அப்போதும் துக்கத்தைக் குறைப்பது பெரும்பாலும் பேச்சு சிகிச்சைதான். 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அதனுடன் மனச்சோர்வு மாத்திரையையும் கொடுத்துப் பார்த்தார்கள். சோர்வு குறைந்தது, துக்கத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

குழந்தைகளைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். சரி, ஒன்று மட்டும். அப்பா ஊருக்குப் போயிருக்கிறார் என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அது வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். வணக்கம்.